தகரம் கற்பித்த பாடம்

பழைய மாணவர் சங்கத்து மலர்க் குழுவினர் இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பணித்தபோது, தமிழாசிரியன் என்ற முறையில் இலக்கியப் பொருளொன்றையே நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பர். சங்கச் செய்யுளின் நயமோ, நாவலர் பெருமானின் வசனநடையோ இம்மலருக்கு ஏற்றதாக இருந்திருக்கும். ஆனால் உண்மையைச் சொல்லுமிடத்து, கடந்த சில ஆண்டுகளில் என் மாலைப் பொழுதுகளை விழுங்கியது ஏடன்று; துருப்பிடித்த தகரம். எங்கள் வீட்டுக் கோடிப்புறத்துக் கொட்டிலில், 1955 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர்க் காரொன்றின் உடலைச் சீர்செய்துகொண்டிருந்தேன். அவ்வேலையினிடையே நான் கற்ற பாடமொன்று உண்டு. அது இக்கல்லூரியின் வகுப்பறையொன்றிலே தொடங்கிய பாடமாதலால், அதனை இம்மலரில் எழுதுவதே முறையென்று துணிந்தேன்.

கார் என் தந்தையாருடையது. அவரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. தபாலதிபராகக் கடமையாற்றிய அவர், ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஒருவரிடமிருந்து 1978 இல் அதனை வாங்கினார். இக்கால மாணவர் மைனரைக் கலியாண ஊர்வலங்களில் மட்டுமே கண்டிருப்பர். ஆகவே அதன் வரலாற்றைச் சிறிது கூறுதல் தகும். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அதனை வடிவமைத்தார். மாதிரிக் கார் செய்து முடிந்த பின்னர், அதன் அகலம் போதாதென அவருக்குத் தோன்றிற்று. உடனே முழுக்காரையும் நெடுக்காக இரண்டாக அறுப்பித்து, இரு பாதிகளையும் சிறிது சிறிதாக விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் விலகியபோது அதுவே தக்க அளவெனக் கொண்டார். அவ்விடைவெளியை நிரப்பிய நாடா போன்ற மேடு மைனரின் பொனற்றின் நடுவில் இன்றும் ஓடுகின்றது. 1948 இல் இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் அக்கார் மக்கள் முன் வைக்கப்பட்டது. கம்பனி அதிபரான நஃபீல்ட் பிரபு அதன் உருவைக் கண்டு, ஓடு நீக்கி நீரில் அவித்த முட்டை போலிருக்கிறது என எள்ளினாராம். எள்ளப்பட்ட அக்காரே பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதலாவது பிரித்தானியக் காராயிற்று. ஒன்றன் எதிர்காலத்தை அதன் தொடக்கத்தில் நின்று அளந்து கூறுவோர் எத்துணைப் பிழைபடுவர் என்பதற்கு இஃதொரு சான்று. இவ்வுண்மையை நான் கார் வரலாற்றிற் படித்தறியுமுன் என் வாழ்விலேயே படித்திருக்கவேண்டும். அது பின்னர் விளங்கும்.

எங்கள் கார் 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம் கொண்டது. முன் கண்ணாடி இக்காலக் கார்களிற்போல ஒரே வளைந்த கண்ணாடியன்று. நடுவே சட்டம் பிரிக்கும் இரு தட்டைக் கண்ணாடிகள். திரும்பும் திசையைக் காட்டுவதற்கு மின்னும் விளக்கில்லை. கதவுகளுக்கிடையிலுள்ள தூணிலிருந்து சிறு கையொன்று வெளியே நீளும். சிறுவயதில் அக்கை நீளும்போதெல்லாம் கார் எவரையோ கைகாட்டி அழைப்பதாக நான் எண்ணியதுண்டு.

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் இல்லை. அக்காலத்தில் இங்கு ஓடிய மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயை உண்டே உயிர்வாழ்ந்தன. மருந்துப் போத்தலிற் காத்து வைத்த சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவர். அப்புகையின் நாற்றம் என் தலைமுறையினரின் மூக்கினின்றும் இன்னும் நீங்கவில்லை. 1993 இல் எங்கள் காரின் இடப்பக்கக் கதவடிச் சட்டம் துருவினால் அரித்துப் போயிற்று. மின்சாரமின்றி வெல்டிங் செய்தற்கு வழியில்லை. அயலூர்க் கொல்லர் ஒருவர் பழைய தார்ப் பீப்பாவின் தகரத்தை வெட்டி, உலையிற் காய்ச்சித் தட்டி, பதினேழு ஆணிகள் அறைந்து அதனைப் பொருத்திக் கொடுத்தார். அத்துண்டுடனேயே கார் 1995 ஐப்பசி முப்பதாந் திகதி இடப்பெயர்வைக் கண்டது. வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒருசேரப் பெயர்ந்த அவ்விரவில், அப்பாச்சியையும் தையல் மெசினையும் எங்கள் பாடப் புத்தகங்களையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி அது ஊர்ந்தது. இயந்திரம் கொதித்து நின்றபோதெல்லாம் நானும் அண்ணரும் பின்னே நின்று தள்ளினோம். பாலத்தைக் கடக்கையில் விடிந்துவிட்டது. ஐந்து மாதங்களுக்கு மேல் மீசாலையில் ஒரு பனை வளவுக்குள் நின்று, 1996 சித்திரையில் எங்களோடு ஊர் திரும்பிற்று.

தந்தையார் 2016 இற் காலமானார். கார் கொட்டிலினுள் நின்றபடியே நின்றது. கடலும் கடனீரேரியும் சூழ்ந்த நம் நாட்டில் உப்புக் காற்றுக்கு ஓய்வில்லை. கவனிப்பாரற்ற இரும்பு இங்கு விரைவில் மண்ணாகும். 2020 பங்குனியில் கொள்ளைநோய் காரணமாக ஊரடங்குச் சட்டம் பிறந்து, பாடசாலைகள் மூடப்பட்டு, வீட்டில் அடைந்து கிடந்தபோதே ஒருநாள் கொட்டிலின் கதவைத் திறந்தேன். முன் மட்காட்டிற் கை வைத்தேன். விரல் உள்ளே போயிற்று.

அவ்வாண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டமையால் பழைய கார்களின் விலை ஏறியது. இந்த நிலையிலேயே தாருங்கள் என்று கேட்டு வந்தோரும் உளர். கனடாவிலுள்ள அண்ணர் விற்க இணங்கவில்லை. தாம் பணம் அனுப்புவதாகவும், காரைச் செக்கச் சிவந்த மினுக்கு நிறமாக்கி, அகன்ற சில்லுகள் பூட்டி, இருக்கைகளை மாற்றி, இக்காலத்துக்கேற்ப அலங்கரிக்கும்படியும் தொலைபேசியிற் கூறினார். யான் அவர் சொல்லை மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. முதலில் துருவைப் போக்குவோம் என்று கூறி, உரைதாளும், கராச்சுகளிற் பட்டி என வழங்கும் பசையும் வாங்கி வந்து நானே வேலையைத் தொடங்கினேன். துவாரங்களைப் பசையால் நிரப்பி, காய்ந்தபின் உரைத்து வழுவழுப்பாக்கினேன். மூன்று கிழமையில் இடப்பக்கம் புதுக்கார்போல் ஆயிற்று. ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்ற கைக்கு இதுவும் எளிதே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஊரடங்கு தளர்ந்தபின், கதவு சரியாக மூடாத குறையைக் காட்டுவதற்காக அயலிலே சிறு கராச் நடத்தும் இளைஞர் ஒருவரை அழைத்தேன். அவர் என் பழைய மாணவர். மாணவரை 'அவன்' என்று எழுதுவது ஆசிரியர் வழக்கமாயினும், இக்கட்டுரையில் அவ்வழக்கத்தை நான் கைக்கொள்ளவில்லை. அவர் என் வேலையைப் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை. சட்டைப் பையிலிருந்து காந்தத் துண்டொன்றை எடுத்து மட்காட்டில் வைத்தார். அது ஒட்டாமற் கீழே விழுந்தது. வேறோரிடத்தில் வைத்தார், அங்கும் விழுந்தது. பின்னர் திருப்புளியின் பிடியால் அடித்தட்டை மெல்லத் தட்டிக்கொண்டே சென்றார். நல்ல தகரம் கணீரென்றது. கெட்ட இடம் நனைந்த பலகைபோல் மொத்தென்றது.

"சேர், இது வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் இதுக்குள்ளை இரும்பு இல்லை," என்றார்.

அச்சொல் என் நெஞ்சிற் தைத்தது. ஏனெனில் அவரைக் கண்ட கணத்திலேயே வேறொரு நாள் என் நினைவுக்கு வந்திருந்தது.

2008 ஆம் ஆண்டு. பத்தாம் வகுப்பில் புணர்ச்சி விதிகளை நடத்திக்கொண்டிருந்தேன். கற்பிக்கத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன, கோபம் மிகுந்த காலம். பின் வாங்கிலிருந்த இம்மாணவர் கொப்பியில் விதியை எழுதாமல், ஏதோவொரு பெட்டியை விரித்தாற்போன்ற கோடுகளை வரைந்துகொண்டிருந்தார். எழுப்பி நிறுத்தி வினாவினேன், விடையில்லை. கொப்பியை வகுப்புக்கு உயர்த்திக் காட்டி, "நீ தகரம் தட்டத்தான் சரி" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் பாடத்தைத் தொடர்ந்தேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் பின் அவர் கல்லூரிக்கு வரவில்லை. நானும் அச்சொல்லை மறந்து, ஆண்டுகள் பல கழிந்தன. இப்போது தகரம் தட்டத் தெரியாத ஆசிரியனாக அவர் முன் நின்றேன்.

அடுத்த கிழமை வேலையைத் தொடங்கினோம். கடையிலிருந்து ஆளனுப்பிச் செய்விக்க இயலுமென்றும், ஆனால் நானே அருகிருந்து செய்தாற் செலவு குறையுமென்றும் அவர் கூறினார். உண்மையில் என் ஆசையை அறிந்தே அவ்வாறு கூறினார் போலும். பகலிற் தம் கராச்சில் வேலைசெய்து, மாலையில் ஒரு மணிநேரம் எங்கள் கொட்டிலுக்கு வருவார். செய்யவேண்டியதைக் காட்டிவிட்டுச் செல்வார். மறுநாள் வந்து பார்ப்பார். பிழையெனில் 'திருப்பிச் செய்வம் சேர்' என்பார். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

முதல் நாளிலே நான் உரித்தெடுத்தது என் சொந்த வேலையை. மூன்று கிழமை உழைத்துப் பூசிய பசை, உளியின் இரண்டு தட்டில் அடை அடையாகக் கழன்று விழுந்தது. உள்ளே துரு முன்னிலும் பெருகியிருந்தது. பசை ஈரத்தை உள்ளே அடைத்து வைத்துவிட்டது.

மைனருக்குத் தனியான சேசிஸ் கிடையாது. உடலே அதன் எலும்பு. கதவுகளின் கீழே, ஒன்றையொன்று அணைந்து பெட்டிபோல் அமைந்த மூன்று தகடுகள் இருபுறமும் ஓடுகின்றன. முன் இருக்கையின் கீழ்க் குறுக்காகச் செல்லும் விட்டம் இருபக்கப் பெட்டிகளையும் பிணைக்கின்றது. இவை உக்கினால், வெளியே எத்துணை அழகிருப்பினும் கார் நடுவிலே தொய்ந்துவிடும். கதவு மூடாமைக்குக் காரணம் அதுவே; பிணைச்சலில் ஒரு குறையும் இருக்கவில்லை. நோய் ஓரிடத்திலிருக்க வலி வேறிடத்தில் தோன்றுவதை வைத்தியர் மட்டுமன்றித் தகரத் தொழிலாளரும் அறிவர்.

அடிச்சட்டத்தை வெட்டுமுன், காரை நான்கு இடங்களில் மட்டம் பார்த்துத் தாங்கு கொடுத்து, கதவு வாயில்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக ஒட்டி வைத்தார். அங்ஙனம் செய்யாது வெட்டினால், உடல் தன் வடிவத்தை மறந்துவிடும். பிறகு புதுத்தகடு பொருந்தாது. ஒரே நாளில் முழுவதையும் வெட்டலாகாது. ஒரு பக்கத்தை வெட்டி, புதுத்தகடு வைத்து, கதவைப் பூட்டி இடைவெளியை அளந்து, அதன் பின்னரே மறுபக்கத்தைத் தொடவேண்டும். வெட்டும்போது துருவின் ஓரத்தோடு நிறுத்தாமல், கணீரென ஒலிக்கும் நல்ல தகரம் வரையிற் செல்லவேண்டும். என் கை தயங்கியது. இன்னும் சிறிது நல்லதாக இருக்கிறதே என்று விட்டுவைக்க நினைத்தேன். "கூட்டித்தான் வெட்ட வேணும் சேர். உக்கினதோடை ஒட்டினா ஒட்டினதும் உக்கும்," என்றார்.

அடிச்சட்டத்துக்குப் பதினெட்டுக் கேஜ் தகடு. மட்காட்டுக்கு அதனினும் மெல்லிய இருபது கேஜ். மெல்லிய தகரத்தில் தொடர்ந்து வெல்டிங் செய்தால் சூடு பரவி அது அப்பளம்போல் நெளிந்துவிடும். ஆகவே இங்கொரு பொட்டும் அங்கொரு பொட்டுமாக வைத்து, ஆறவிட்டு, இடையிடையே நிரப்பிச் செல்லவேண்டும். ஓரடி நீளத்தை ஒட்ட ஒரு மாலைப் பொழுது சென்றது. 1990களில் தென்னிலங்கைப் பட்டறையொன்றிற் கையாற் செய்யப்பட்ட மைனர் உறுப்புகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின என்று பின்னர் அறிந்தபோது நான் வியப்படையவில்லை. பொறுமையுள்ள கைக்குத் தகரம் கட்டுப்படும் என்பதைக் கண்ணாற் கண்டிருந்தேன்.

அடுத்தது நெளிவெடுத்தல். தகரத்தின் பின்னே, டொலி என்று அவர் அழைத்த, கைக்குள் அடங்கும் இரும்புக் கட்டியைப் பிடித்து, முன்னே சுத்தியலால் தட்டவேண்டும். பலமாக அடித்தால் நெளிவு நீங்கும் என நான் எண்ணியிருந்தேன். அடிக்க அடிக்கத் தகரம் நீண்டு மேலும் புடைத்தது. "அடிக்கிறேல்லை சேர், தட்டுறது. சத்தத்தைக் கேளுங்கோ," என்றார். டொலி சரியான இடத்திலிருந்தால் ஒலி கூர்மையாக எழும். விலகியிருந்தாற் செத்த ஒலி வரும். நெளிவு தொடங்கிய நடுவிடத்தை முதலில் தொடலாகாது. அது கடைசியாக மடிந்த ஓரத்திலிருந்து தொடங்கி, மடிந்த வரிசைக்கு எதிர்வரிசையாக அவிழ்த்துச் செல்லவேண்டும். அளவுக்கு மிஞ்சி நீண்ட இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, ஈரத்துணியால் ஒற்றினால் அது சுருங்கித் தன்னிடத்துக்கு வரும். கண் காணாத மேடுபள்ளத்தை உள்ளங்கை காணும். கண்ணை மூடிக்கொண்டு மட்காட்டைத் தடவிப் பார்க்கும்படி கூறினார். அம்மட்காட்டைத் தடவியபோது, பிள்ளைகளின் கொப்பிகளை நான் எத்துணை முறை கண்ணால் மட்டும் பார்த்துச் சிவப்புக் கோடிட்டேன் என்ற எண்ணம் வந்தது.

இடப்பக்கச் சட்டத்துக்கு வந்தபோது எங்களுக்குள் ஒரு பிணக்கு நேர்ந்தது. அதிலேதான் 1993 இல் அறைந்த தார்ப் பீப்பாத் துண்டு இருந்தது. அதனை விட்டுவைக்க வேண்டுமென்று நான் நின்றேன். அப்பாச்சியையும் எங்களையும் பாலங் கடத்திய துண்டு அது. பதினேழு ஆணிகளும் பதினேழு சாட்சிகள். அவர் நெடுநேரம் குந்தியிருந்து அதனைத் தடவிப் பார்த்தார். கொல்லர் ஓரங்களை உள்மடித்த விதத்தைக் காட்டி, கரண்டும் காஸும் இல்லாத காலத்தில் இதைச் செய்தவர் பெரிய வேலைகாரன் என்று வியந்தார். ஆயினும் அவர் தீர்ப்பு மாறவில்லை. துண்டின் பின்னே சட்டம் முழுவதும் மாவாகியிருந்தது.

"சேர், பாசம் வேறை, பாரம் வேறை. இதிலை அம்மாவை ஏத்தப் போறியள்."

என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அன்றிரவு என் தொழிலிலிருந்தே எனக்கு விளக்கம் கிடைத்தது. சிறுப்பிட்டியில் 1832 இற் பிறந்து, 1887 இற் கலித்தொகையை முதன்முதலாக அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை நினைத்தேன். தொட்டால் ஒடியும் ஏடுகளை அவ்வாறே பாதுகாத்து வைப்பது மட்டும் அவர் நோக்கமாக இருந்திருப்பின், அந்நூல் நமக்குக் கிடைத்திராது. பொருந்தும் பாடத்தை மூலத்தில் நிறுத்தி, வேறு பாடத்தை அடிக்குறிப்பிற் காட்டுவது பதிப்பாசிரியர் முறை. படிப்பவனைத் தாங்கவேண்டியது மூலம். வந்த வழியைச் சொல்லவேண்டியது குறிப்பு. மறுநாள் அத்துண்டை நானே ஆணி ஆணியாகக் கழற்றினேன். துரு நீக்கி எண்ணெய் தடவி, 1993 என்று எழுதிக் கொட்டிலின் சுவரிற் தொங்கவிட்டேன். காரிற் புதுத்தகடு ஏறியது.

அந்நாட்களில் ஒரு மாலை, மழைக்கு ஒதுங்கிக் கொட்டிலினுள் இருவரும் இருந்தபோது, நெடுநாள் அடக்கி வைத்ததைக் கேட்டேன். "தம்பி, பத்தாம் வகுப்பிலை நான் உமக்குச் சொன்ன ஒரு சொல்லு நினைவிருக்கோ?"

அவர் சிரித்தார். "தகரம் தட்டத்தான் சரி எண்டதோ? நினைவிருக்கு சேர். சரியாத்தானே சொன்னியள்."

"அது பிழை, தம்பி."

அவர் சிறிதுநேரம் மழையைப் பார்த்திருந்தார். பின்பு கூறியதை அப்படியே எழுதுகின்றேன். "எனக்குக் கோவம் வரேல்லை சேர். ஆனா அண்டைக்குப் பின்னேரம் வீட்டை போய் ஐயாவிட்டைச் சொல்லிப்போட்டன். அவர் தகரம் தட்டித்தானே எங்களை வளத்தவர். அண்டு இரவு அவர் சாப்பிடேல்லை."

அவருடைய தந்தையார் வாளியும் புனலும் விளக்கும் செய்து விற்ற தகரத் தொழிலாளர் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மின்சாரமற்ற அவ்வாண்டுகளில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும், வாயிலே சிறு தகரத் திரிதாங்கியும் வைத்த விளக்கின் ஒளியிலே என் தலைமுறை முழுவதும் படித்தது. அப்படியான திரிதாங்கிகளையும் அவர் வெட்டிக் கொடுத்தவராம். நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்ததும் அத்தகையதொரு விளக்கின் முன்னேதான். கொப்பியில் மாணவர் வரைந்திருந்த கோடுகளும் வீண்கோடுகளல்ல. தந்தையாருக்காக ஒரு புனலை வெட்டுவதற்குத் தட்டைத் தகரத்தில் எவ்வாறு குறிப்பதென்று கணித்திருக்கிறார். புணர்ச்சி விதி இரு சொற்கள் எங்ஙனம் ஒட்டுமென்பதைக் கூறுவது. அவர் இரு விளிம்புகள் எங்ஙனம் ஒட்டுமென்பதை வரைந்துகொண்டிருந்தார். அதனை விளங்கிக்கொள்ளும் அறிவு அன்று எனக்கிருக்கவில்லை.

அத்தந்தையார் 2015 இல் இறந்துவிட்டார். மன்னிப்புக் கேட்கவேண்டியவரிடம் கேட்கும் வாய்ப்பு நீங்கிவிட்டது. மகனிடம் கேட்டேன். அவர் எழுந்து, "விடுங்கோ சேர், மழை விட்டிட்டுது, பெயின்ரைப் பாப்பம்," என்றார்.

பெயின்ற்றைப் பற்றியும் கூறவேண்டும். கதவைச் சிறு வட்டமாக உரைத்தபோது, மரத்தின் ஆண்டு வளையங்கள் போல நிறங்கள் தோன்றின. மேலே வெள்ளை, அதன் கீழ் நீலம், அடியிலே, கம்பனி பூசிய கரும்பச்சை. எனக்கும் அண்ணருக்கும் நினைவிலுள்ள கார் வெள்ளை. அண்ணர் விரும்பியது சிவப்பு. எதனைப் பூசுவது என்ற வழக்கு கடல் கடந்து நடந்தது. அம்மாவைக் கொட்டிலுக்கு அழைத்து வந்து அவ்வட்டத்தைக் காட்டினேன். அவர் பச்சையில் விரலை வைத்துச் சிறிதுநேரம் நின்றார். 1976 இற் தம் கலியாணத்துக்கு அப்போதிக்கரி ஐயா இரவல் கொடுத்த காரில் வந்திறங்கியதாகவும், அன்று அது பச்சையாக இருந்ததாகவும், நீலம் பின்னர் அவர் பூசியதென்றும் கூறினார். அந்த ஒரு நாளுக்காகவே தந்தையார் இரண்டாண்டு பணஞ் சேர்த்து அதனை வாங்கினார் என்பதை நாங்கள் இருவரும் அன்றுதான் அறிந்தோம். தொலைபேசியின் மறுமுனையில் அண்ணர் சிறிதுநேரம் பேசவில்லை. பின், "பச்சையே அடி," என்றார்.

ஆயினும் மாற்றமே கூடாதென்று நாம் நிற்கவில்லை. நீளும் கையைப் பழுதுபார்த்து வைத்துக்கொண்டோம். ஆனால் இக்கால வீதியில் அதன் பொருளை அறிவார் இல்லாமையால், மின்னும் விளக்குகளையும் முன்னும் பின்னும் பொருத்தினோம். இருக்கைப் பட்டிகள் சேர்த்தோம். அம்மாவின் முழங்கால் வலிக்காக முன் இருக்கையை இரண்டங்குலம் உயர்த்தி, ஏறும்போது பற்றிக்கொள்ளத் தூணிலே பிடியொன்று வைத்தோம். அகன்ற சில்லு வைக்கவில்லை; அதனால் எவருக்கும் பயனில்லை. முன் கண்ணாடியின் இரு பாதிகளும் தட்டையாதலால் ஊர்க் கண்ணாடிக் கடையிலேயே பாதுகாப்புக் கண்ணாடியாக வெட்டுவிக்க முடிந்தது. கதவடியிலுள்ள சிறு துவாரங்களை நான் அடைக்கப் போனபோது என் கையைப் பிடித்துத் தடுத்தார். உட்புகும் மழைநீர் வெளியேற வழியில்லாவிடிற் கதவு உள்ளிருந்தே உக்கும். புதிய பெட்டிச் சட்டங்களுக்குள்ளே மெழுகெண்ணெய் விசிறினோம். எவரும் காணாத இடத்திற் பூசுவதே காரின் ஆயுள் என்பது அவர் கொள்கை. பசையும் முற்றாக விலக்கப்படவில்லை. நல்ல தகரத்தின் மேல் தாளளவு பூசினாற் குற்றமில்லை. தகரமில்லாத இடத்திற் தகரமாக நடிக்கும்போதே அது பொய்யாகின்றது.

2022 இல் எரிபொருள் பஞ்சம் வந்து வேலை பல மாதங்கள் நின்றது. பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது மருந்துப் போத்தல் நினைவுக்கு வந்தது; ஆனால் அம்முறை மண்ணெண்ணெயும் இல்லை. மாரிகாலத்து ஈரக்காற்றிற் பெயின்ற் விசிறினால் வெளிறிப் பூத்துவிடுமாதலால், 2023 மாசி வரை காத்திருந்து, தரையை நீரால் நனைத்துத் தூசியடக்கி, ஒரு ஞாயிறு அதிகாலையில் விசிறத் தொடங்கினோம். பின்னர் நீர்விட்டு உரைத்து, மீண்டும் விசிறி, மீண்டும் உரைத்து, பங்குனி முடியுமுன் பச்சை ஒளிர்ந்தது.

சித்திரை வருடப் பிறப்பன்று அம்மா முன் இருக்கையில் அமர, கார் வெளியே வந்தது. சாரதியின் இடத்தில் அமரும்படி அவரையே வேண்டினேன். கோயிலுக்குச் சென்று, திரும்பும் வழியிற் கல்லூரி வாயிலிலே சிறிது நிறுத்தச் சொன்னேன். விடுமுறையாதலால் வாயில் பூட்டியிருந்தது. மேல்மாடியில் அப்பழைய பத்தாம் வகுப்பின் யன்னல் தெரிந்தது. அவரும் அதனைப் பார்த்தார் என்றே நினைக்கின்றேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அன்பர்களே! இவ்விழா மலரிலே பட்டம் பெற்றோர், பதவி வகித்தோர், புகழ் கொண்டோர் பெயர்கள் பல வரும், வரவேண்டியதே. பின் வாங்கிலிருந்து எழுந்து சென்று, ஊரின் உடைந்தவற்றை ஒட்டிக் கொடுப்போர் பெயர்கள் பெரும்பாலும் வருவதில்லை. நான் குறிப்பிட்ட பழைய மாணவரும் தம் பெயர் வேண்டாமென்றார். அவர் விருப்பப்படி விட்டிருக்கின்றேன். ஆனால் ஒன்றை என் விருப்பப்படி செய்கின்றேன். 2008 இல் ஒரு வகுப்பறை முழுவதும் கேட்க நான் கூறிய சொல்லை, அவ்வகுப்பினர் பலரும் படிக்கப்போகும் இம்மலரில், எழுத்து மூலமாக மீட்டுக்கொள்கின்றேன். அது தவறு. தகரத் தொழிலைப் பற்றிய என் அறியாமையும், தொழிலாளர் ஒருவரை இரவில் உண்ணாதிருக்கச் செய்த என் நாவும் அதற்குப் பொறுப்பு.

இப்பொழுதும் பத்தாம் வகுப்புக்குப் புணர்ச்சி விதிகளையே கற்பிக்கின்றேன். கொப்பியில் எவரேனும் கோடு வரைந்துகொண்டிருந்தால், "என்ன வரையிறீர்?" என்று முதலிற் கேட்கின்றேன். பார்க்க விரும்பும் மாணவர் ஞாயிறு மாலைகளில் எங்கள் கொட்டிலுக்கு வரலாம். கார் அங்கே நிற்கும். சுவரிலே பதினேழு துவாரங்களோடு தார்ப் பீப்பாத் துண்டும் தொங்கும். காந்தத் துண்டொன்றும் அருகே வைத்திருக்கின்றேன். காரின் எப்பக்கத்திலேனும் வைத்துப் பாருங்கள்.